கப்பலில் வந்த கோதுமையும் கொல்லிமலைச் சாமையும்

(கொல்லிமலை, செம்மேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்க வெளியுறவுக் கொள்கை என்று பேச்செடுத்தால் அது போர்க்கப்பல், ஏவுகணை, எண்ணெய்க் குழாய் என்றுதான் போகும். நான் இன்று தானியத்தைப் பேசப் போகிறேன். வாஷிங்டனில் ஒரு குடியரசுத் தலைவர் மேசையில் கோதுமைக் கோப்பு எத்தனை வாரம் கிடந்தது என்பதற்கும், இந்த மலையில் சாமை விதைத்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளி ஏறியதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து. நேர்த் தொடர்பு என்று சொல்லமாட்டேன். பல கை மாறி வந்த தொடர்பு. அந்தக் கைகளைத்தான் ஒவ்வொன்றாகக் காட்ட விரும்புகிறேன்.

வல்லரசுப் போட்டி கொல்லிக்குப் புதிதில்லை. வல்வில் ஓரியை எதிர்த்து வந்தவன் திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி. ஓரியைக் கொன்று கொல்லியை அவன் சேரனுக்குக் கொடுத்தான். ஒரு பெரிய அரசு, தன் பக்கம் நிற்கும் சிறிய அரசனைக் கொண்டு இன்னொரு சிறிய அரசனை முடித்தது. ஆடிப் பதினெட்டில் ஓரிக்கு விழா எடுக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1951க்கு வருகிறேன். குடியரசாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பீகாரிலும் நம் மாநிலத்திலும் மழை பொய்த்தது. இந்தியா அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்தப் போரில் நேரு தங்கள் பக்கம் முழுதாக நிற்கவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலருக்குக் கோபம். மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. தானியத்துக்கு ஈடாக மோனசைட் மணலைத் தரட்டும் என்றார்கள் சில உறுப்பினர்கள். தோரியம் உள்ள அந்த மணல் எங்கே இருக்கிறது? மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில். அணுசக்திக்குப் பயன்படும் மணலை அரிசிக்கும் கோதுமைக்கும் விற்கமாட்டோம் என்று நேரு மறுத்தார். அதற்குள் சோவியத் ஒன்றியமும் சீனாவும் எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கப்பலை அனுப்பத் தொடங்கின. அதைப் பார்த்த பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தில் காரியம் வேகமாக நடந்தது. 1951 ஜூனில் 19 கோடி டாலர் கடனாக அந்தத் தானியம் வந்தது. இரண்டு பெரிய நாடுகள் போட்டியிடும்போது, நடுவில் நிற்கும் ஏழை நாட்டுக்கு ஒரு வழி திறக்கும் என்பதை டெல்லி அன்றே கற்றுக்கொண்டது.

அடுத்து வந்தது பி.எல். 480. அமெரிக்காவின் 480ஆம் எண் பொதுச் சட்டம். 1954 ஜூலையில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அதில் கையெழுத்திட்டார். அங்கே விவசாயிக்கு ஆதரவு விலை கொடுத்து அரசு வாங்கிய கோதுமை கிடங்குகளில் குவிந்து கிடந்தது. வைத்திருந்தால் செலவு, சந்தையில் விட்டால் விலை விழும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் கிடங்கும் காலியாகும், நட்பும் கிடைக்கும், கம்யூனிசமும் பரவாது என்று கணக்குப் போட்டார்கள். அந்தச் சரக்கில் பாதியையாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும் என்று அதே ஆண்டு இன்னொரு சட்டமும் வந்தது. கான்சாஸ் விவசாயி, கப்பல் முதலாளி, வெளியுறவுத் துறை என மூன்று தரப்புக்கும் அதில் பங்கு இருந்தது. ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை ஒரே மூளை யோசித்து எடுத்த முடிவு என்று நாம் நினைப்பது தவறு. உள்ளூர் ஆதாயங்களைக் கூட்டிக் கழித்துத்தான் அது உருவாகிறது.

1956 ஆகஸ்டில் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. 1960 மே மாதம் உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் வாஷிங்டன் சென்று நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் வாங்க ஒப்பந்தம் செய்தார். விலையை டாலரில் தரவேண்டியதில்லை, ரூபாயில் தரலாம். அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்காவின் கணக்கில் இருக்கும். தூதரகச் செலவு போக மீதியை நமக்கே கடனாகக் கொடுப்பார்கள். அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அப்படிப் போனவற்றில் தமிழ்ப் புத்தகங்களும் ஏராளம். நம் ஊர் நூலகங்களில் இல்லாத ஒரு பழைய நாவலோ சிறுபத்திரிகையோ சிகாகோவில் கிடைக்கிறது என்று ஆய்வு மாணவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது கோதுமைப் பணம் செய்த நல்ல காரியம். அதை மறைத்துப் பேசக்கூடாது.

காமராசர் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுக்கு 1961 முதல் 'கேர்' தொண்டு நிறுவனத்தின் வழியாக அமெரிக்கப் பொருள்கள் வரத் தொடங்கின. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படித்த பெரியவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். அந்த எண்ணெய் டின்னை நினைவிருக்கிறதா? ஒன்றையொன்று பற்றிக் குலுக்கும் இரண்டு கைகள், மேலே நட்சத்திரமும் கோடுகளும், அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்ற எழுத்து. மஞ்சள் மாவில் கிண்டிய உப்புமாவும் பால்பவுடர் கரைத்த பாலும் அலுமினியத் தட்டில் வந்தன. காலி டின்கள் வீடுகளில் அரிசி அளக்கவும் தண்ணீர் மொள்ளவும் பயன்பட்டன. பசியோடு வந்த பிள்ளை அந்த உப்புமாவால் பள்ளியில் தங்கியது. அந்தப் பிள்ளைக்கு வியட்நாம் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

வியட்நாமில் அமெரிக்கா நடத்திய குண்டுவீச்சைப் பற்றி இந்தியா வாய் திறக்காமல் இருப்பதுதான் அந்தக் கோதுமைக்கு விலையாக வந்து நின்றது. 1965இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தார். மாதம் இவ்வளவு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கயிற்றைச் சுருக்கிப் பிடித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். பருவமழையும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்தது. 1964-65இல் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், மறு ஆண்டு சுமார் 7 கோடியே 20 லட்சம் டன்னாக விழுந்தது. கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் ரேஷன் கடையில் மாவு. வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதியானது. அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்குப் போனதாகச் சொல்வார்கள்.

1966 மார்ச்சில் பிரதமர் இந்திரா காந்தி வாஷிங்டன் போனார், வரவேற்பு நன்றாக இருந்தது. ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார், டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆனது. ஜூலையில் மாஸ்கோ போய் வியட்நாம் விஷயத்தில் ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்கும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். ஜான்சனுக்கு ஆத்திரம். கப்பல்கள் மீண்டும் தாமதமாயின. வியட்நாம் பற்றி நாங்கள் சொல்வதைத்தான் போப்பாண்டவரும் ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்டும் சொல்கிறார்கள் என்று இந்தியத் தரப்பு எடுத்துச் சொன்னபோது, அவர்கள் இருவருக்கும் எங்கள் கோதுமை தேவையில்லையே என்று பதில் வந்ததாக ஒரு செய்தி உண்டு. இந்தியாவில் எங்கே மழை பெய்தது, எங்கே பெய்யவில்லை என்பதைத் தாமே கவனித்து வந்ததாக ஜான்சன் பின்னாளில் எழுதினார். நம் வானத்தைப் பார்த்து நாம் கவலைப்பட்ட அதே நாளில், அதே மேகத்தை இன்னொருவர் பேரம் பேசுவதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பேரத்தை ஏற்காத அமெரிக்கரும் இருந்தார்கள். டெல்லியில் தூதராக இருந்த செஸ்டர் போல்ஸ் இந்தக் கயிற்றுப் பிடியை எதிர்த்து மன்றாடினார். 1966 பிப்ரவரியில் செனட்டர் ஃபுல்பிரைட் வியட்நாம் போரைப் பற்றி நடத்திய விசாரணையை அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். தம் கட்சிக் குடியரசுத் தலைவரையே எதிர்த்து, அதிகாரத்தின் ஆணவத்தைப் பற்றி அவர் புத்தகம் எழுதினார். மறுபக்கம், பேடக் சகோதரர்கள் 1967இல் வெளியிட்ட நூலில், காப்பாற்ற முடியாத நாடுகளைக் கைவிட்டுவிட வேண்டும், இந்தியா அந்தப் பட்டியலில் உண்டு என்றார்கள். நம்மைச் சாகவிடலாமா கூடாதா என்று ஒரு படித்த சமூகம் விவாதித்தது. ஐயா, இதை வரலாற்றுக் குறிப்பாக மட்டும் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

அந்த நேரத்தில் உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து, விவசாயத்தில் இன்னின்ன மாற்றங்களைச் செய்வோம் என்று ஒப்புக்கொண்டார். அன்று அது வெளியே தெரியாது. அமெரிக்காவுக்குப் பணிந்தார் என்று இடதுசாரிகள் பின்னால் குறை சொன்னார்கள். ஒப்புக்கொண்ட மாற்றங்களில் பெரும்பாலானவை அவர் ஏற்கெனவே செய்ய நினைத்திருந்தவை, அமெரிக்க அழுத்தத்தை அவர் தம் அமைச்சரவையிலேயே எதிர்த்தவர்களை வெல்லப் பயன்படுத்திக்கொண்டார் என்பதே என் முடிவு. டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது அதில் புது ரகக் கோதுமை விதைத்தவர் அவர். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. 1964-65இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 1 கோடியே 60 லட்சம் டன்னைத் தாண்டியது.

ஆனால் அந்தப் பலன் தேர்தலுக்கு முன்னால் வரவில்லை. 1967இல் தமிழ்நாட்டில் அரிசிப் பஞ்சமே பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார் அண்ணா. காங்கிரஸ் தோற்றது. கோபிசெட்டிபாளையத்தில் சுப்பிரமணியமும் தோற்றார். இந்தித் திணிப்பு பெரிய காரணம், மறுக்கவில்லை. வியட்நாமை முன்னிட்டுக் கப்பலைத் தாமதித்த அரசியலும் அந்தத் தேர்தலின் ஓர் ஓரத்தில் நின்றது என்பதைத் தமிழ்நாட்டு அரசியல் வரலாறு எழுதுபவர்கள் போதுமான அளவு சொல்லவில்லை.

ஜான்சன் கயிற்றை இறுக்கியதால்தான் இந்தியா விழித்தது, ஆகவே அது மறைமுகமான நன்மை என்று இன்றும் வாதிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. 1974இல் வங்கதேசத்துக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். அந்தப் புது நாடு கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றது. கியூபாவோடு வணிகம் செய்யும் நாட்டுக்குத் தானிய உதவி கிடையாது என்பது அமெரிக்கச் சட்டம். பஞ்சம் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கப்பல் நின்றது. சாக்கு விற்பனையை நிறுத்திய பிறகு தானியம் வந்தது, சாக வேண்டியவர்கள் அதற்குள் செத்திருந்தார்கள். நம்மிடம் சுப்பிரமணியமும், எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளும், வேளாண் கல்லூரிகளும் இருந்தன. அதனால் தப்பினோம். தப்பியதற்கான பெருமையைக் கயிற்றைப் பிடித்தவருக்குக் கொடுக்க முடியாது. சோவியத் தரப்பும் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. 1973இல் நமக்கு 20 லட்சம் டன் கோதுமை கடன் கொடுத்தார்களே, அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர்களே அமெரிக்கக் கோதுமையைப் பெருமளவில் வாங்கியிருந்தார்கள்.

இனி மலைக்கு வருகிறேன்.

இனி யாரிடமும் கையேந்தக்கூடாது என்ற முடிவைத் தாங்கி நின்றது இந்திய உணவுக் கழகம். 1965 ஜனவரியில் தொடங்கிய அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறந்தது. அரசு விலை நிர்ணயித்து வாங்கிக் கிடங்கில் வைத்து ரேஷனில் கொடுக்கும் முறை அது. அந்த முறைக்கு இரண்டே தானியங்கள் கண்ணில் பட்டன, நெல்லும் கோதுமையும். சாமையை வாங்க ஆளில்லை, தினையை வாங்க ஆளில்லை, பனிவரகைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐ.நா.வில் தலைநிமிர்ந்து பேச நாடு கொடுத்த விலையில் ஒரு பங்கை, ஐ.நா. என்ற சொல்லையே கேட்டிராத மலைச் சரிவு கொடுத்தது.

கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, பெருஞ்சாமை. கேழ்வரகில் சுருட்டை, பெருங்கேழ்வரகு, காரக் கேழ்வரகு. இத்தனை ரகத்தையும் பெயர் சொல்லிப் பிரித்து, எந்த மண்ணுக்கு எது, எந்த மழைக்கு எது என்று வைத்திருந்தவர்கள் உங்கள் பாட்டிமார். அவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, உமி இறுகப் பிடித்திருக்கும். உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் போட்டுக் குத்தி, தவிட்டை நீக்கி, கல் அரித்து, அதன்பிறகுதான் உலை. ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை. மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ரேஷன் அரிசி லாரி ஏறி வந்தபோது, அந்த உலக்கையைக் கீழே வைத்த பெண்ணை யார் குறை சொல்ல முடியும்? நான் சொல்லமாட்டேன். பழைய உணவின் பெருமை பேசும் பட்டணத்துக்காரர்கள் ஒரு நாள் அந்த உலக்கையைப் பிடித்துப் பார்க்கட்டும்.

வீட்டுச் சோற்றுக்கு அரிசி வந்துவிட்டது, கைச்செலவுக்குக் காசு வேண்டும். ஆத்தூர், ராசிபுரம், சேலம் ஆலைகள் ஜவ்வரிசிக்கும் மாவுக்கும் குச்சிக்கிழங்கு கேட்டன. வியாபாரி முன்பணம் கொடுத்தார். சாமை நான்கு மாதம் நின்ற இடத்தில் கிழங்கு பத்து மாதம் நின்றது. பிடுங்கும்போது சரிவின் மண் கிளறிக்கொண்டு மழையில் போனது. விலை ஏறிய வருடம் வீடு கட்டினார்கள், இறங்கிய வருடம் வண்டி வாடகைக்கும் கட்டவில்லை.

பசுமைப் புரட்சியின் தந்தை என்று பெயர் வாங்கிய சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனமே பின்னாளில் இந்த மலைக்கு வந்தது. தொண்ணூறுகளிலிருந்து இங்கே சிறுதானிய ரகங்களைத் திரட்டி, ஊர் விதை வங்கி அமைத்து, உமி நீக்கும் இயந்திரம் கொண்டுவந்து, பெண்கள் குழுக்கள் மூலம் மாவும் மாவுக்கலவையும் விற்க உதவினார்கள். கோதுமையைப் பெருக்கி நாட்டைக் கப்பலிலிருந்து விடுவித்தவர், அந்த விடுதலை எதை விட்டுவிட்டது என்பதையும் பார்த்தார். அந்த மனிதர் மீது என் மதிப்பு கூடுவதற்கு இதுவே காரணம். 2023ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது இந்தியா கொண்டுவந்த தீர்மானத்தால்தான்.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 25 விழுக்காடு தீர்வை போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக அதே மாதம் 27 முதல் இன்னொரு 25. வியட்நாமுக்குப் பதில் உக்ரைன், கோதுமைக்குப் பதில் தீர்வை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், பறவைக் காய்ச்சலால் அங்கே முட்டை விலை ஏறியிருந்த நேரத்தில், நாமக்கல்லிலிருந்து 1 கோடி முட்டை முதன்முறையாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அங்கே கடைகளில் விலை ஏறி மக்கள் முணுமுணுத்ததும், நவம்பரில் காபி, தேயிலை, மசாலாப் பொருள்கள் போன்றவற்றை எதிர்த்தீர்வைப் பட்டியலிலிருந்து அவர்களே எடுத்தார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றி, நிழலில் காபி வைத்திருக்கும் நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கும் நம்மிடம் தேவை உண்டு. 1965இல் நமக்கு இல்லாத பலம் அது.

2025இல் பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் விடாமல் கேட்டது மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் இந்தியக் கதவைத் திறக்கும்படி. சீனா அந்த ஆண்டு மே முதல் பல மாதங்கள் அமெரிக்க சோயாவை வாங்காமல் நிறுத்தியது. அங்கே விவசாயி தவித்தார். 140 கோடிப் பேர் இருக்கிறோம் என்று பெருமை பேசும் இந்தியா எங்கள் மக்காச்சோளத்தில் ஒரு மரக்கால்கூட ஏன் வாங்கவில்லை என்ற பொருளில் அவர்களுடைய வணிகத்துறைச் செயலரே கேட்டார். 1954இல் இருந்த அதே கிடங்குச் சிக்கல்தான் இது. அந்த மக்காச்சோளம் பெரும்பாலும் மரபணு மாற்றியது. அது வந்தால் முதலில் இறங்கும் இடம் மலைக்குக் கீழே இருக்கும் நாமக்கல் கோழிப்பண்ணைகள். தீவனம் மலிந்தால் பண்ணைக்காரருக்கு லாபம், பெரம்பலூரிலும் சேலத்திலும் மானாவாரியாக மக்காச்சோளம் போடும் விவசாயிக்கு அடி. இரண்டு பேரும் நம் மக்கள். இந்த முடிவை டெல்லியில் நான்கு அதிகாரிகளும் வாஷிங்டனில் நான்கு அதிகாரிகளும் மட்டும் எடுத்துவிடக்கூடாது. நாமக்கல்லில் ஒரு பொது விசாரணை வைத்து இரண்டு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். உலக வணிக அமைப்பில் நம் அரசுக் கொள்முதலையும் கிடங்கையும் அமெரிக்கா நீண்ட காலமாகக் குறை சொல்லி வருகிறது. 2013இல் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில் கிடைத்தது இடைக்கால ஏற்பாடுதான். அந்தக் கிடங்கை நாம் விட்டுக்கொடுக்கக்கூடாது. அதே சமயம் அந்தக் கிடங்கில் நெல்லும் கோதுமையும் மட்டும் இருக்கக்கூடாது.

2023இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கொல்லிமலையில் அதைச் சாமைக்குச் செய்ய வேண்டும். நாடு என்று இங்கே சொல்லும் ஒவ்வொரு ஊர்த்தொகுதிக்கும் ஓர் உமி நீக்கும் இயந்திரம், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவர், விதைப்புக்கு முன்பே அறிவிக்கும் கொள்முதல் விலை, செம்மேட்டில் ஒரு கொள்முதல் நிலையம். இவ்வளவையும் ஒரு கிராமசபைத் தீர்மானத்தில் எழுதிவிடலாம். அடுத்த கிராமசபைக்கு முன்னால் அந்தத் தீர்மானத்தை எழுதித் தருகிறேன், ஊர்ப் பெரியவர்கள் திருத்திக் கொடுங்கள்.